பொடியா, கேப்சூலா, பாகா?

பிப்ரவரி 10, செவ்வாய்.
இன்றைய தப்பு: தண்ணீர் மட்டத்தை நான் குறிக்கவே இல்லை. ஐந்து வாரமாக. மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் ஃப்யோர்டில் கடல் தண்ணீர் ஏறிவிடும். ஏணியில் வெளியே தெரிகிற படிகள் குறையும். ஏறுகிறவருக்கு நேரமும் குறையும். அதை நான் முழங்கால் தேறியதாக எழுதி வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் அடிக்கோடு வேறு.
நாளைய வேலை: எத்தனை படி வெளியே தெரிகிறது, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று எழுத நோட்டில் இரண்டு புதுக் கட்டம் போடுவது.

சில்யா பேனாவை மூடிவிட்டு எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ‘மூன்று இடம்’ சரிதானா என்று சந்தேகம் வந்தது. பின்னால் புரட்டி எண்ணினாள். நான்கு. அடித்துத் திருத்தினாள்.

நகராட்சிப் பள்ளியின் புதன்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பாடு. ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். நடத்துகிற பிர்தெ இரண்டே விதி வைத்திருந்தார். தினக்குறிப்பு அன்றைய தப்பில் தொடங்க வேண்டும். மறுநாள் வேலையில் முடிய வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் எந்தச் சோப்பு பீட்ரூட் கறையை எடுக்கிறது, எந்த மாவில் கேக் உப்புகிறது என்று சுலபமாகத் தப்பித்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற சில்யாவுக்கு மட்டும் ஒன்பது பேருடைய முழங்கால்கள் வாய்த்தன.

எல்லாம் கீழ்வீட்டு போடிலால் வந்தது.

போடிலுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தோரு வருஷம் பால் டாங்கர் ஓட்டியவர். வேலை போன பிறகும் விடியுமுன் எழுகிற பழக்கம் போகவில்லை. காலை ஆறு மணிக்கு, ஊர் இன்னும் போர்வைக்குள் இருக்கும்போது, குளிர்காலக் குளியல் சங்கத்தின் மரத்துறைக்குப் போவார். தன் சாவியால் குடிலைத் திறப்பார். இரண்டு டிகிரித் தண்ணீரில் இறங்கி, ஏணி பிடித்து ஏறி, பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றித் தனியாக உட்கார்ந்து குடிப்பார். யாரும் பேச்சுக் கொடுக்காத அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்துமூன்றையும் பொறுத்துக்கொள்கிறேன் என்பார்.

அந்தச் சாவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிப்ரவரி கடைசி ஞாயிறு, சாவி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பிடிக்காமல், படிப்படியாகக் கால் வைத்து ஏணியில் ஏறி மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். முடியாதவர் சாவியை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான். அப்புறம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, சளசளக்கிற கூட்டத்தோடு கூட்டமாகக் குளிக்கலாம். தனியாக இறங்கியவர் ஏற முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று யோசித்துப் போட்ட விதி. போடிலும் கை தூக்கி ஆதரித்த விதிதான்.

ஜனவரி தொடக்கத்தில் ஒருநாள் அவர் சில்யாவை மாடிப்படியில் மடக்கினார்.

"ஏய் கண்ணாடிக்காரி, உன் வகுப்புக்கு ஒரு கேள்வி வேணும்னியே, இந்தா. முழங்காலுக்குக் காட்டுரோஜாக் காய் நல்லதுங்கறாங்க. கடையில பொடியா இருக்கு, கேப்சூலா இருக்கு, பாகா இருக்கு. எதத் தின்னா நான் ஏணி ஏறுவேன்?"

"ரொம்ப வலிக்குதா, போடில்?"

"அவ்வளவு மோசமில்ல."

சில்யாவுக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் கூரை பற்றி எரிந்தாலும் அவ்வளவு மோசமில்லை என்பார்கள். கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டும் அதையேதான் சொல்வார்கள்; சமைத்தவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"இப்ப எப்படி ஏறுறீங்க?"

"பாதி ஏணி காலால, மீதி வயித்தால. சீல் பாறையில ஏறுறதப் பாத்திருக்கியா? அந்த மாதிரி. போன குளிர்காலத்துல இப்படி இல்ல. இப்ப காலைல யாரும் பாக்கலைங்கறதால ஓடுது. அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் நின்னு பாப்பாங்க."

சில்யா விசாரித்தாள். கிணறு வெட்டப் போனதுபோல முழங்கால் முழங்காலாகக் கிளம்பியது. சங்கத்தில் இருக்கிற ஒன்பது பேருக்குமே இந்தக் குளிர்காலத்தில்தான் கால் மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது. ஒருவரும் அடுத்தவரிடம் மூச்சு விட்டிருக்கவில்லை.

ஒரு நீச்சல் தொப்பிக்குள் ஒன்பது சீட்டு போட்டுக் குலுக்கினாள். மூன்று பேருக்குப் பொடி, மூன்று பேருக்கு கேப்சூல், மூன்று பேருக்குப் பாகு. அளவில்தான் முதல் தலைவலி. பொடி என்றால் காலைத் தயிரில் இரண்டு கரண்டி. அதே அளவு காய் உள்ளே போக வேண்டுமென்றால், டப்பாவில் போட்ட கணக்குப்படி கேப்சூல் பன்னிரண்டு விழுங்க வேண்டும். பாகு பாட்டிலில் சர்க்கரை எவ்வளவு என்று இருந்தது, காய் எவ்வளவு என்று இல்லை. சில்யா மூன்று கரண்டி என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். அன்று இரவு அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டாள்.

போடிலுக்குக் கேப்சூல் விழுந்தது.

"பன்னண்டா? அப்புறம் சாப்பாடு எங்க போகும்?"

"எனக்குப் பொடி," என்றார் சங்கத் தலைவர் வெர்னர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். "பல்லெல்லாம் செங்கல் தின்ன மாதிரி இருக்கு. நேத்து கண்ணாடியில என்னப் பாத்து நானே பயந்துட்டேன்."

பாகு கிடைத்தவர்களில் ஒருவர் தச்சர் ஆக்ஸெல். அவருக்குக் குறையே இல்லை. அப்பத்தின் மேல் ஊற்றித் தின்பதாகச் செய்தி பரவியதும் மற்ற ஆறு பேரும் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமைதோறும் சில்யா தடித்த கோட்டும் இரட்டைக் கையுறையுமாக மரத்துறையின் மேல் நிற்பாள். ஒவ்வொருவராக ஏறி வர ஸ்டாப்வாட்சை அமுக்குவாள். பிறகு சுழியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பாள்.

"அவ்வளவு மோசமில்ல," என்பார் ஆக்ஸெல்.

"அது நம்பர் இல்லையே."

"அப்ப நாலுன்னு வச்சுக்கோ."

"எனக்கு நாலரை," என்பார் வெர்னர். "இரு, நாலேகால்."

ஐந்து வாரத்தில் எல்லாருடைய நேரமும் கொஞ்சம் குறைந்தது. பொடி, கேப்சூல், பாகு மூன்றும் ஒன்றுபோலவே. சில்யா சந்தோஷப்பட்டு அடிக்கோடு போட்டது அப்போதுதான். தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது.

புதுக் கட்டம் போட்ட நோட்டோடு பிப்ரவரி 14 சனிக்கிழமை போனாள். வெளியே தெரிந்த படி ஆறு. நின்றது எந்தப் படி? மேலிருந்து மூன்றாவது. அடுத்தவர்? மூன்றாவது. ஒன்பது பேருக்கும் மூன்று, மூன்று என்றே எழுதிக்கொண்டு போனதில், தான் பார்த்துத்தான் எழுதுகிறோமா, கை தானாக எழுதுகிறதா என்று அவளுக்கே ஐயம் வந்தது.

குளித்து முடித்து, வெக்கை அறையில் காய்ந்து, எல்லாரும் சிவந்த முகத்தோடு பன்னையும் சீஸையும் சுற்றி உட்கார்ந்ததும், மீதி மருந்தை எண்ண வேண்டும், எல்லாரும் எடுத்து வையுங்கள் என்றாள். போடில் பையைத் திறந்தார். கேப்சூல் டப்பா வந்தது. அதோடு ஒரு ஜாம் பாட்டில் வந்தது. உள்ளே செங்கல் நிறத்தில் பொடி. அப்புறம் கைக்கடக்கமான ஒரு பாட்டில், அடியில் ஒட்டிய பாகோடு.

"இது என்ன போடில்?"

போடில் வெர்னரைப் பார்த்தார். வெர்னர் கூரையைப் பார்த்தார். சில்யா மற்ற பைகளைப் பார்த்தாள். எட்டிலும் ஒரு ஜாம் பாட்டில், ஒரு டப்பா, ஒரு குட்டி பாட்டில்.

வெர்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஜனவரி பதினேழு. ‘மூன்று வகையில் ஒருவருக்கு ஒரு வகை மட்டும் கிடைப்பது சங்கத்தின் சமத்துவத்துக்கு ஒவ்வாது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்பது பங்காகப் பிரித்துக்கொள்வது. ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஒன்று. நடுநிலை ஒன்று.’"

"எதிர்ப்பு யாரு?" என்றாள் சில்யா.

"நான்தான்," என்றார் ஆக்ஸெல்.

"சோதனை கெட்டுப்போகும்னா?"

"பாகு போயிடும்னு."

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ உறுப்பினர் இல்லையேம்மா," என்றார் வெர்னர் உண்மையான வருத்தத்தோடு. "உறுப்பினர் அல்லாதவங்களுக்குத் தீர்மானத்தப் படிச்சுக் காட்டணும்னா அதுக்கு ஒரு தீர்மானம் வேணும். இப்பவே நான் விதிய மீறித்தான் படிச்சேன்."

சில்யா நோட்டை மூடினாள். ஆறு வாரமாக அவள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது பொடியையும் கேப்சூலையும் பாகையும் அல்ல. எல்லாம் கலந்த ஒன்றை, எல்லாம் கலந்த அதே ஒன்றோடு. சிரிப்பு வரும்போல இருந்தது. அழுகையும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. பன்னை எடுத்துக் கடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது போடில் கூடவே வந்தார். தெருமுனை வந்ததும் ஆரம்பித்தார்.

"சரி, சோதனை போச்சு. நானும்தான் கை தூக்கினேன், அது வேற. எனக்கு எட்டு நாள் இருக்கு. பொடியா, கேப்சூலா, பாகா? ஒண்ணச் சொல்லு, அதையே ரெண்டு பங்காத் தின்னுடறேன்."

"ரெண்டு பங்கெல்லாம் வேண்டாம். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல, போடில்."

"உத்தேசமாச் சொல்லேன்."

"உத்தேசமாவும் தெரியாது. சொன்னா அது நானா இட்டுக்கட்டினதா இருக்கும்."

போடில் நின்றுவிட்டார். அவர் குரல் உயர்ந்து சில்யா கேட்டதில்லை, இப்போதும் உயரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"ஆறு வாரம் கோட்டு போட்டுக்கிட்டு மேல நின்னே. நாங்க வெடவெடன்னு ஏறி வர்றத எழுதினே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ அந்தத் தண்ணியில கால் வச்சியா? நாளைக்கு அடுத்த ஞாயிறு நான் சாவிய ஆணியில மாட்டும்போது அதுக்கு எத்தன செகண்டு ஆச்சுன்னு எழுதிக்கோ."

கீழ்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. சில்யா மாடியேறிப் போய் அன்றைய தப்பு என்று தொடங்கி, இரண்டு வரி எழுதி அடித்தாள். கடைசியில், ‘தண்ணீரில் இறங்கவில்லை’ என்று எழுதினாள்.

அடுத்த சனிக்கிழமை, 21ஆம் தேதி, அவள் நீச்சலுடையில் வந்து நின்றதும் குடிலே எழுந்து வெளியே வந்துவிட்டது.

"ஸ்டாப்வாட்ச் எங்க?" என்றார் வெர்னர்.

"உங்க கையில," என்று அதைத் திணித்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.

இறங்கும்போது எதுவும் தெரியவில்லை. குளிர் பாதத்திலிருந்து உச்சிவரை ஒரே கூச்சலாக ஏறியதில், படிகளைக் கால் எப்படிக் கடந்தது என்று கவனிக்கப் புத்தி மிச்சமில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. வாயைத் திறந்தாள், வார்த்தைக்குப் பதில் "ஹோ" என்று ஒரு சத்தம் வந்தது. மேலே கைதட்டினார்கள். ஏழு எண்ணுவதற்குள் ஏணிக்குத் திரும்பிவிட்டாள்.

ஏறினாள். ஒரு படி, இன்னொரு படி. கால் தாளம் பிடித்துக்கொண்டது. அடுத்த படிக்கு வலது காலைத் தூக்கினாள். படி இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லை. பாதம் காற்றில் துழாவியது. முழந்தாள் மரத்தில் மடேரென்று இடித்தது. காலை இன்னும் உயர்த்தி, முழங்கால் நெஞ்சில் முட்ட, எம்பி ஏறி நின்றாள். அடுத்ததற்குத் தூக்கினாள். மறுபடியும் அதே உயரம். அங்கேயே நின்றுவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது படி.

இருபத்தாறு வயது முழங்கால். ஒரு சுகக்கேடும் இல்லாதது. அதுவும் நின்றுவிட்டது.

"டேப்!" என்று கத்தினாள். "யார்கிட்டயாவது டேப் இருக்கா?"

"மொதல்ல துண்ட வாங்குடீ, நீலமாப் போறே," என்றார் போடில்.

"டேப் குடுங்க!"

ஆக்ஸெல் தச்சர், அவருடைய கோட்டுப் பையில் அது எப்போதும் இருக்கும். பற்கள் தந்தியடிக்க சில்யா ஏணியில் தொங்கிக்கொண்டே அளந்தாள். கீழ்ப் படிகளுக்கு நடுவே இருபத்தாறு சென்டிமீட்டர், இருபத்தாறு, இருபத்தாறு. நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் முப்பத்தொன்பது. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் முப்பத்தொன்பது. சரியாக அளந்தோமா என்று இன்னொரு தடவையும் அளந்தாள்.

மரத்துறையில் எல்லாரும் குனிந்து ஏணியைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அதைப் பிடித்திருக்கிறார்கள், மிதித்திருக்கிறார்கள், பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்தால் எல்லாப் படியும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் தெரியும்.

பிறகு, ஒவ்வொருவராக, ஆக்ஸெலைப் பார்த்தார்கள்.

"நவம்பர் புயல்ல ரெண்டு படி அடிச்சுக்கிட்டுப் போச்சு இல்லையா," என்றார் ஆக்ஸெல். "வீட்ல நல்ல ஓக் சட்டம் ஒண்ணுதான் இருந்துச்சு. அத சரி நடுவுல வச்சு அடிச்சேன். கண்ணுக்கு அழகா இருந்துச்சு."

"உங்க முழங்காலும் வலிச்சுதே?" என்றாள் சில்யா, துண்டுக்குள்ளிருந்து.

"ஆமா. டிசம்பர்லேருந்து."

"அப்ப உங்களுக்குத் தோணலையா?"

"வயசாச்சுன்னு நெனச்சேன். பாகு குடிச்சேன்."

அப்புறம் போடில் சிரிக்கத் தொடங்கினார். டாங்கர் ஸ்டார்ட் ஆவதுபோல உள்ளேயிருந்து உருண்டு வந்த சிரிப்பு. வெர்னர் மரத்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தானும் அப்படித்தான் நினைத்தேன், நானும், நானும் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். ஒன்பது பேரும் ஒரே மரக்கட்டையில் இடித்துக்கொண்டு, ஒன்பது தனித்தனி முதுமையை வீட்டுக்குச் சுமந்துபோயிருந்தார்கள்.

"ஒருத்தராவது ஏணி சரியில்லன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்ற அளவுக்கு மோசமில்லையேம்மா," என்றார் வெர்னர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. உடனே தலைவர் முகம் வந்துவிட்டது. "ஆனா நாளைக்குத்தான் ஏணிப் பரீட்சை. தேதி சட்டத்துல இருக்கு. பொதுக்குழு கூடாம மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம்," என்றார் போடில். சிரிப்பு நின்றிருந்தது. "எனக்காக யாரும் எதையும் தள்ளி வைக்க வேண்டாம். ஏறினா ஏறுறேன், இல்லன்னா மாட்டிடறேன்."

ஆக்ஸெல் ஏற்கெனவே வெக்கை அறைக்குள் போயிருந்தார். பெஞ்சில் சுத்தியால் தட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு சட்டம் கழட்டறேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "இப்போதைக்குக் கயித்துல கட்டலாம்!"

"பெஞ்சு சங்கச் சொத்து!" என்று வெர்னர் திருப்பிக் கத்தினார். "ஓட்டு எடுக்கணும்!"

எட்டுக் கைகள் உயர்ந்தன. வெக்கை அறையிலிருந்து ஒன்பதாவது கையும், சுத்தியோடு, கதவுக்கு வெளியே நீண்டது. ஒன்பது, சுழியம், சுழியம் என்று வெர்னர் எழுதினார்.

நடுப்படியைப் பிடுங்கிவிட்டு, இருபத்தாறு சென்டிமீட்டருக்கு ஒன்றாக இரண்டு சட்டங்களை ஆக்ஸெல் படகுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். தானே ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். நகர்ந்து வழிவிட்டார்.

போடில் இறங்கினார். தோள் முங்கும்வரை போய், யாரையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஃப்யோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியைப் பிடித்தார். பழைய கணக்குப்படி ஆறாவது படி. ஐந்தாவது. நான்காவதில் அவர் தாடை இறுகியதைச் சில்யா பார்த்தாள். பழக்கத்தில் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. கால் மேலே போனது. படி அங்கே இருந்தது. அடுத்த கால். அதற்கும் இருந்தது. மெதுவாகத்தான் ஏறினார். முழங்கால் வலிக்காமல் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வயிறு மரத்தில் படவில்லை. மேலே வந்து நிமிர்ந்து நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. தட்டினால் அவருக்குப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். வெர்னர் ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்திருந்தார்.

பன் சாப்பிடும்போது போடில் சில்யாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பன்னில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப அந்தக் காய் வேல செஞ்சுதா, இல்லையா?"

"இப்பவும் தெரியல. ஏணி சரியானதுக்கப்புறம் மறுபடி முதல்லேருந்து பாக்கணும். ஒருத்தருக்கு ஒண்ணுதான். பிரிச்சுக்கக் கூடாது." சில்யா கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு மட்டும் தெரியுது. பொடிய தயிர்ல போட்டதால ஒருத்தரும் மறக்கல. கேப்சூல எல்லாரும் பாதி நாள் மறந்திருக்கீங்க. பாகு மாசம் முடியறதுக்குள்ள காலி."

"அதுக்கு நோட்டு எதுக்கு, நானே சொல்லியிருப்பேனே," என்றார் போடில். "மறுபடி சீட்டு குலுக்கினா எனக்குப் பாகு வர்ற மாதிரிப் பாத்துக்கோ."

"அப்படிச் செய்ய முடியாது, போடில்."

"தெரியும். கேட்டு வச்சேன்."

பிப்ரவரி 21, சனி.
இன்றைய தப்பு: துண்டு வாங்குவதற்கு முன்னால் டேப் கேட்டேன். தும்மல் ஆரம்பித்துவிட்டது. ஆறு வாரத் தப்பு: முழங்காலை அளந்தேன், ஏணியை அளக்கவில்லை.
நாளைய வேலை: எட்டு மணிக்கு மரத்துறை. ஆக்ஸெல் இரண்டு புது ஓக் சட்டம் கொண்டுவருவார். ஆணி அடிக்கும்போது பிடித்துக்கொள்வது. மூன்று இடைவெளியும் இருபத்தாறுதானா என்று அளப்பது, இரண்டு தடவை. பெஞ்சுச் சட்டங்களைத் திரும்ப மாட்டுவது. பத்து மணிக்குப் போடில் ஏறுவார். ஸ்டாப்வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் போவது.